பிறந்த தேதி சொல்லுங்க

எங்கள் பக்கத்தில் தலைப்பிள்ளை சொந்த வீட்டில் பிறப்பதில்லை. வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். ஆஸ்பத்திரிச் செலவு, மருந்துச் செலவு, ராத்திரி விழிப்பு எல்லாம் அவர்கள் பாடு. அதனால் போன ஐப்பசியில் எங்கள் நாகலாபுரத்து வீட்டுத் தொட்டிலில் கிடந்தவள் என் தங்கை மகள். எங்கள் வீட்டுப் பேத்தி என்று ஊர் சொல்லக்கூடிய தம்பி மகள், அந்த மாதக் கடைசியில் அருப்புக்கோட்டைப் பக்கம் அவளுடைய அம்மாச்சி வீட்டில் பிறந்தாள்.

இரண்டும் பெண். யாரும் முகம் சுளிக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். "ரெண்டும் பொம்பளப் பிள்ளையா?" என்று கேட்டவர்கள் அடுத்த வார்த்தைக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தினார்கள், அதையும் சொல்லியாக வேண்டும். அடுத்தடுத்துப் பெண்ணாகப் பிறந்தால் போதும்பொண்ணு என்று பேர் வைத்த காலம் ஒன்றும் வெகுதூரத்தில் இல்லை. பெண் சிசுவைக் கொல்லாமல் அரசிடம் கொடுத்துவிடுங்கள் என்று சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது 1992-இல். 2011 கணக்கெடுப்பிலும் தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகள்தான். அந்தக் கணக்கெல்லாம் தெரிந்தவள் நான், அதனால் வீட்டில் நடந்த கொண்டாட்டம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கொண்டாட்டம் என்றால் சின்னக் கொண்டாட்டம் இல்லை. தங்கை மகள் நாக்கில் முதல் இனிப்பாகச் சேனை வைப்பது யார் என்பதிலேயே ஆச்சிக்கும் அம்மாவுக்கும் வாய்ச்சண்டை. சேனை தொட்டு வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. அம்மா தன் குணமே போதும் என்றார், ஆச்சி அது மட்டும் வேண்டாம் என்றார். தம்பி தாய்மாமன் என்ற முறையில் தொட்டில் சேலை, வெள்ளிக் கொலுசு, அரணாக்கயிற்றுக்கு வெள்ளித் தாயத்து என்று அடுக்கினான். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டிய உளுந்தங்களி வாசம் தெரு முனை வரைக்கும் போனது. அங்கே அருப்புக்கோட்டைப் பக்கம் தம்பி மகளுக்கு அவள் மாமன் இதையே செய்துகொண்டிருந்தார். கொடுத்ததும் வந்ததும் அம்மாவின் மொய் நோட்டில் கிட்டத்தட்ட நேராகிவிட்டன.

இந்தச் சீர்களைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஒரு பெண் பிறந்த நாள் முதல், மொட்டை போட்டுக் காது குத்தி, பெரியவளாகி, கல்யாணமாகி, அவளுக்குப் பிள்ளை பிறக்கிற வரைக்கும் மாமன் வந்து நிற்பான். ஆனால் அந்த வரவேற்பு எல்லாமே அவளை வேறொரு வீட்டுக்கு அனுப்புகிற வழியில் கட்டிய பந்தல் என்பதும் எனக்குத் தெரியும்.

இந்த நேரத்தில்தான் காத்தாடிக் கம்பெனி வந்தது. விளாத்திகுளம், புதூர் பக்கம் பருத்தியும் மிளகாய் வத்தலும் மல்லியும் விளைந்த கரிசலில் இப்போது காற்றாலை நிற்கிறது, சூரியத் தகடு படுத்திருக்கிறது. வேலிக்கருவை மண்டி, கரிமூட்டம் போடுகிறவர்கள் மட்டும் எட்டிப் பார்த்த மானாவாரி நிலத்துக்குத் திடீரென்று விலை வந்துவிட்டது. எங்களுக்கு இருந்தது தாத்தா காலத்துச் சொத்து, பாகம் பிரிக்காத சில குறுக்கம் நிலம். கம்பெனியின் வக்கீல் திண்ணையில் உட்கார்ந்து வாரிசுப் பட்டியல் கேட்டார். அப்பா தன் பேரைச் சொன்னார், தம்பி பேரைச் சொன்னார், நிறுத்தினார்.

"பொண்ணுங்க?"

"கட்டிக் குடுத்தாச்சுங்க."

வக்கீல் காகிதத்திலிருந்து பேனாவை எடுக்கவே இல்லை. "பேரைச் சொல்லுங்கய்யா" என்றார். எங்கள் இருவர் பேரையும் எழுதினார், அத்தைமார் இருவர் பேரையும் எழுதினார். பிறகு தம்பியைப் பார்த்து, "உங்களுக்குப் பிள்ளை?" என்றார். "இப்பத்தான் சார் பிறந்திருக்கு, பொண்ணு." "பிறந்த தேதி சொல்லுங்க."

மூக்கு யார் சாயல், நிறம் யாரைக் கொண்டு வந்தது என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தபோது, அந்தப் பிள்ளையை இந்த வீட்டின் உரிமைக்காரியாக முதலில் விசாரித்தவர் நிலம் வாங்க வந்த ஒரு வெளியூர்க்காரர். சட்டம் அப்படி. பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறந்த உடனேயே பங்கு. சேனை தொட்டு வைக்கும் முன்பே அவளுக்கு அது வந்துவிடுகிறது.

வந்த வழி நீளம். பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது 1929 பிப்ரவரியில். தமிழ்நாட்டில் அது சட்டமாக அறுபது வருஷம் ஆயிற்று. 1989 மார்ச் 25-இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டமும் அதற்கு முன் கல்யாணமானவர்களை வெளியே நிறுத்தியது. எங்கள் வீட்டில் பெரிய அத்தை வெளியே, சின்ன அத்தை உள்ளே. ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கு நடுவே ஒரு தேதி கோடு கிழித்தது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதற்குமான திருத்தம் அந்தக் கோட்டை அழித்தது. அப்போது தகப்பன் உயிரோடு இருந்தாரா இல்லையா என்பதும் பொருட்டில்லை என்று 2020 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சட்டம் இப்படி இருக்க, ஊர் வழக்கம் விடுதலைப் பத்திரத்தில் இருக்கிறது. அக்கா தங்கைகள் பத்திர ஆபீஸுக்கு வந்து "எனக்குப் பங்கு வேண்டாம்" என்று கையெழுத்துப் போடுவார்கள். ஒரு பட்டுச்சேலை, கையில் கொஞ்சம் பணம், மத்தியானம் ஓட்டலில் சாப்பாடு. மறுத்தால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்ற பயம் அந்தக் கையெழுத்தைப் போட வைக்கும். எனக்கென்னவோ மாமன் சீர் முழுவதும் இந்தப் பங்குக்குத் தவணை தவணையாகக் கட்டுகிற விலை என்றே தோன்றுகிறது. விலை மலிவு.

நான் கையெழுத்துப் போடவில்லை. சண்டையும் போடவில்லை. "வர்ற பணத்த அஞ்சாப் போட்டாலும் ஆறாப் போட்டாலும் எனக்கு உள்ளத என் பேர்ல போடுங்கப்பா" என்றேன். அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சின்ன அத்தை கோபமாக, "பேர் சொல்ல ஒரு ஆம்பளப் பிள்ள வந்திருந்தா இந்தப் பேச்சே வராது" என்றாள். பக்கத்தில் எட்டயபுரத்தில் பிறந்த பாரதிக்குப் பிள்ளைகள் தங்கம்மாள், சகுந்தலா என்று இரண்டும் பெண்தான். அவர் வீட்டுக்குள் எப்படி இருந்தார் என்று எழுதி வைத்தவர்களில் அந்த மகள்கள் உண்டு. அத்தையிடம் இதைச் சொன்னேன். "அவருக்கு நெலமா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

தம்பி என்னைவிடத் தெளிவு. மகள் பேரில் தபால் ஆபீஸில் செல்வமகள் கணக்குத் தொடங்கிவிட்டான். பத்து வயதுக்குள் தொடங்கலாம், வருஷத்துக்கு 250 ரூபாய் கட்டினாலும் போதும். மாநில அரசின் பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தையும் விசாரித்தான். வருமான வரம்புக்குள் வரும் வீட்டில் ஒரே பெண் என்றால் 50,000 ரூபாய், இரண்டும் பெண் என்றால் தலைக்கு 25,000 வைப்புத் தொகை. பெற்றோரில் ஒருவர் கருத்தடை செய்திருக்க வேண்டும், ஆண் குழந்தை இருக்கக் கூடாது. "சர்க்காரும் நிபந்தனை போட்டுத்தான் கொஞ்சுது" என்று சிரித்தான்.

பத்திரத்துக்குப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் தேவைப்பட்டது. அதில் அம்மா, அப்பா பேர் இருந்தன, பிள்ளை பேர் இல்லை. ஒரு வருஷத்துக்குள் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். குலதெய்வம் பேரா, ஜோசியர் சொன்ன எழுத்தா என்று இரண்டு சம்பந்தி வீடும் மாதக்கணக்கில் இழுத்த வழக்கு, வக்கீல் அவசரப்படுத்தியதும் ஒரே ராத்திரியில் தீர்ந்தது.

தங்கை மகளுக்கு இந்த நிலத்தில் தன் பேரில் ஒன்றும் இல்லை. அவளுக்குள்ளது அவள் அப்பா வீட்டில். பங்குனியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சாத்தூருக்குக் கிளம்பும்போது தங்கை சொன்னாள்: "அங்க எத்தன குறுக்கம் இருக்குன்னு நான் கேட்டதே இல்லக்கா."

போய்ச் சேர்ந்து கேட்டிருக்கிறாள். "பிள்ளைக்குப் பல்லே மொளைக்கல, அதுக்குள்ள பட்டாவா?" என்று மாமியார் சிரித்தாராம். சிரித்து முடித்ததும் மகனைக் கூப்பிட்டு, மேலக்காட்டுப் பட்டாவில் தன் பேர் இருக்கிறதா என்று கேட்டாராம்.