புனலூர் வழியாகச் செங்கோட்டைக்கு

திருவனந்தபுரத்திலிருந்து ஆரியங்காவு மலைப்பாதையில் ரயிலேற நினைப்பவர் முதலில் வடக்கே 65 கிலோமீட்டர் போய்க் கொல்லத்தைப் பிடிக்க வேண்டும். கிழக்கே இருக்கும் மலைக்கு இது சுற்றுவழிதான். ஆனால் திருவிதாங்கூருக்கு ரயில் வந்த வரிசையே அப்படி. மூலம் திருநாள் மகாராஜா காலத்தில், 1904-ல், பாண்டி நாட்டிலிருந்து மலையேறி வந்த மீட்டர்கேஜ் தண்டவாளம் கொல்லத்தில் நின்றுவிட்டது. தலைநகரம் 1918 வரை காத்திருந்தது. அப்போதும் வண்டி ஊருக்கு வெளியே சாக்கையோடு சரி. தம்பானூருக்கு வந்து சேர 1931 ஆயிற்று. அரண்மனையைவிடச் சரக்குக்கு அவசரம் அதிகம்; துறைமுகமும் சந்தையும் இருந்த கொல்லத்துக்குத்தான் முதல் மரியாதை.

கொல்லத்திலிருந்து செங்கோட்டை 94 கிலோமீட்டர். குண்டறை, கொட்டாரக்கரை வரை முந்திரி ஆலைகள், ரப்பர் தோட்டங்கள், ஓட்டு வீடுகள் எனச் சமவெளிப் பயணம்தான். புனலூரில் இறங்கியதும் வெயில் முகத்தில் அறையும். கல்லடையாற்றின் கரையில், மலையடிவாரத்தில் உள்ள ஊர் குளுகுளுவென்று இருக்க வேண்டாமோ? கோடையில் கேரளத்திலேயே அதிக வெப்பம் பதிவாகும் இடங்களில் புனலூரும் ஒன்று. ஆரியங்காவுக் கணவாய் வழியே தமிழ்நாட்டின் வறண்ட காற்று இறங்கி வருவதும் அதற்கு ஒரு காரணம். ரயிலுக்கு முன்பே அந்தக் காற்றுக்கு வழி தெரிந்திருக்கிறது.

ரயிலுக்கு முன்பே ஊருக்கு வந்த இன்னொன்று தொங்கு பாலம். ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளர் 1877-ல் கட்டியது. இரும்புச் சங்கிலிகள் தாங்கும் மரப்பலகைத் தளத்தில் இப்போது நடந்து மட்டுமே போகலாம். செங்கோட்டை வாஞ்சிநாதன் வேலை பார்த்ததும் இந்தப் புனலூரில்தான், திருவிதாங்கூர் வனத்துறையில். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட அந்த இளைஞருக்கு, மலைக்கு இரு பக்கமும் சொந்த ஊர் மாதிரிதான்.

புனலூர் தாண்டினால் எஞ்சின் மூச்சு வாங்கத் தொடங்கும். இடமண்ணுக்கு அப்பால் ஏற்றம் சில இடங்களில் 37 அடிக்கு ஓரடி. அதனால் வண்டியின் பின்னாலும் ஓர் எஞ்சினை மாட்டித் தள்ளிவிடுவது இந்தப் பாதையின் பழைய வழக்கம். ஒற்றைக்கல், தென்மலை தாண்டிக் கழுதுருட்டி அருகே பதின்மூன்று கண் பாலம் வருகிறது. கருங்கல் வளைவுகளின் மேலே ரயில், கீழே கொல்லம் – திருமங்கலம் நெடுஞ்சாலை. அகலப்பாதை போட்டபோது இதை இடிக்காமல் வலுப்படுத்தியது நல்ல முடிவு. சன்னல் இருக்கை கிடைத்தவர்கள் இங்கே போனை எடுத்துவிடுவார்கள்.

ஆரியங்காவில் சாஸ்தா கோயில். மார்கழியில் அங்கே நடக்கும் ஐயப்பன் – புஷ்கலை திருக்கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் மதுரை சௌராஷ்டிரர்கள். மாப்பிள்ளை மலைக்கு மேற்கே, சம்பந்தி கிழக்கே. அடுத்து நீண்ட சுரங்கம். அதைத் தாண்டினால் பகவதிபுரம். தென்னையும் வயலும் விரிய, தமிழ்ப் பலகைகள் தொடங்கும். செங்கோட்டையில் திருவிதாங்கூர்ச் சங்கு முத்திரை பதித்த அலங்கார வளைவு இன்னும் நிற்கிறது. 1956 வரை இதுவும் திருவிதாங்கூர் மண்தான். மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர, ஆரியங்காவு கேரளத்தில் தங்கிவிட்டது. ஆக, இந்தத் தண்டவாளத்துக்கு மாநில எல்லையைவிட 52 வயது அதிகம்.

எல்லைக்கோடு பிரிக்காததை ஒருமுறை கேஜ் மாற்றம் பிரித்தது. 2010 செப்டம்பரில் புனலூர் – செங்கோட்டை மீட்டர்கேஜ் நிறுத்தப்பட்டது. மலை முழுவதும் அகலப்பாதையில் ரயில் திரும்ப 2018 ஆயிற்று. அந்த எட்டு வருடமும் பஸ்தான் கதி. மலைகள் ஊர்களைப் பிரிப்பதாகப் பள்ளியில் படிக்கிறோம். இந்த மலையில் பிரிவு வந்தது வண்டி நின்றபோதுதான். பாலருவி எக்ஸ்பிரஸ் இரவில் மலையேறுவது. காட்சிக்காகப் போகிறவர்கள் பகல் வண்டியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கொல்லத்திலிருந்து கிளம்பினால் வெயிலும் ஏற்றமும் சுரங்கமும் வரிசையாக வரும். முடிவில் செங்கோட்டைப் பக்கத்து பார்டர் பரோட்டா காத்திருக்கும்.