வில்லுக்கு எவ்வளவு எக்கோ?

வில்லுப்பாட்டைப் பதிவு செய்கிறவருக்கு முதல் தலைவலி குடம். வில்லைக் குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். தலைமைப் பாடகரான புலவர் வீசுகோலால் நாணைத் தட்டினால் அதிர்வு குடத்துக்குள்ளும் இறங்கும். வில்லில் தொங்கும் மணிகளும் குலுங்கும். குடத்துக்குத் தனி மைக் வைத்தாலும் அதில் வில் கேட்கத்தான் செய்யும்.

சேரன்மகாதேவியில் ஒரு மாடி அறை. பதிவுக்காரத் தம்பியின் மடியில் ஜூம் ஆர்16 என்ற பதிவுக் கருவி. ஒரே நேரத்தில் 8 மைக் வாங்கும், 16 டிராக் ஓட்டும், ஆறு பென்சில் பேட்டரி போதும். ஆற்றங்கரைக் கோயிலில் கரண்ட் போனாலும் பதிவு நிற்காது. இதற்கெல்லாம் முன்னோடி 1979இல் வந்த போர்ட்டாஸ்டுடியோ 144. சாதாக் கேசட்டில் நான்கு டிராக். அதில் வீட்டில் பதிந்த பாட்டுகளைத்தான் 1982இல் ‘நெப்ராஸ்கா’ என்று வெளியிட்டார் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். அதற்கும் எக்கோ கருவி துணை நின்றது.

மாடி அறையில் முத்துப்பட்டன் கதையின் பதிவு ஓடியது. ஃபேடர்களுக்குக் கீழே டேப் ஒட்டி எழுதியிருந்தார்: புலவர், வலம், இடம், குடம், உடுக்கை, ஜால்ரா. புலவருக்கு வலத்தே பாடுகிறவர் எதிரே உட்கார்ந்து கேட்பவருக்கு இடது காதில்தான் விழுவார். தம்பி கேட்பவர் கணக்கையே எடுத்துக்கொண்டார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

குட டிராக்கைத் தனியாக ஓட்டிக் காட்டினார். மட்டையால் வாயில் அடிக்கும் ‘தும்’, காசால் பக்கத்தில் தட்டும் ‘டிங்’, பின்னால் புலவர் குரலின் நிழல். புலவரிடமிருந்து ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் மைக்குக்கு அவர் குரல் ஏறத்தாழ 3 மில்லிசெகண்ட் பிந்தி வரும். அதை அப்படியே அவர் டிராக்கோடு கலந்தால் குரல் டொக்காகிவிடும். அதனால் குடத்தை அளவாகத்தான் திறந்தார்.

பக்கத்தில் புலவரே உட்கார்ந்திருந்தார். “எக்கோ இன்னுங் கொஞ்சம் தூக்கிப் போடு தம்பி. கொடைன்னு தெரிய வேண்டாமா?”

“வசனத்துக்கு வேண்டாம் அண்ணாச்சி. சொல்லு கலங்கிரும்.”

புலவர் கேட்டதில் நியாயம் உண்டு. கோயில் கொடை நடக்கும் ஊரில் தெருவுக்குத் தெரு குழாய் ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். நூறு மீட்டர் தள்ளியிருக்கும் குழாயின் சத்தம் கால் செகண்டுக்கும் மேல் பிந்தித்தான் வந்து சேரும். ஆக, எக்கோவை ஊரே போட்டுவிடுகிறது. வில்லுப்பாட்டு என்றால் அவர் காதுக்குப் பழகியது அதுதான். ஆனால் மிக்ஸிலும் எக்கோ போட்டு, அதைத் திரும்பவும் குழாயில் விட்டால் எக்கோவுக்கு எக்கோ விழும். கதையில் பட்டன் பேசுகிறானா பொம்மக்கா பேசுகிறாளா என்றே தெரியாது.

கடைசியில் இரண்டு மிக்ஸ் என்று முடிவாயிற்று. செல்போனில் கேட்பவர்களுக்குப் பாட்டுக்கு மட்டும் எக்கோ, வசனத்துக்கு லேசான ரிவெர்ப். குழாய்க்கு எதுவும் இல்லாத மிக்ஸ். அதில் இன்னொரு வேலையும் பார்த்தார்: குழாயில் ‘தும்’ போன்ற கனத்த சத்தம் எடுபடாது என்பதால், தாளம் தொலையாமலிருக்கக் காசுத் தட்டைத் தூக்கிவிட்டார். மாடியில் கிடந்த பழைய குழாய் ஒன்றை ஆம்ப்ளிஃபையரில் மாட்டிப் போட்டுக் காட்டினார்.

புலவர் காதைச் சாய்த்துக் கேட்டார். “காசு நல்லாக் கேக்கு. எங் குடத்த எங்க?”