சமையலறைத் திரைச்சீலையில் பிறந்த இறக்கை... ஆஷ்காஷில் வானம் ஏறும் சாமானியர்கள்!

ஜூலை மாதக் கடைசி. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது. புல்லில் பனி இன்னும் காயவில்லை. கால் நனைய நடந்து வந்து, மடக்கு நாற்காலியைப் போட்டு உட்காருகிறது ஒரு கூட்டம். கையில் காபியோடு தாத்தா பாட்டிகள், தோளில் குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் அப்பாக்கள், பொம்மை விமானத்தைக் கையைவிட்டு இறக்காத வாண்டுகள்... எல்லோர் கண்ணும் எதிரே இருக்கும் புல்தரை மேல்தான். அது வெறும் புல்தரை இல்லை. ஓடுபாதை!

ஆட்டோவின் கூரையைக் கழற்றிவிட்டு, அதன் தலையில் ஒரு ராட்சதப் பட்டத்தைக் கட்டினால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அப்படி ஒரு வண்டி வந்து நிற்கிறது. மூன்று சக்கரம். ஒரு சீட். ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் இன்ஜினும் காற்றாடியும். தலைக்கு மேலே முக்கோண வடிவில் ஒரு துணி இறக்கை. கதவு, ஜன்னல் எதுவும் கிடையாது. இன்ஜின் உறுமுகிறது. புல்லில் கொஞ்ச தூரம்தான் ஓடுகிறது. அடுத்த நொடி, சக்கரத்துக்கும் புல்லுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறது.

இதன் பெயர் ட்ரைக். இடம், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள ஆஷ்காஷ்.

இறக்கைக்கு அடியில் கூடாரம்

சிகாகோவிலிருந்து வடக்கே காரில் சுமார் 3 மணி நேரம் போனால், வின்னபேகோ ஏரிக்கரையில் இருக்கிறது ஆஷ்காஷ். சுமார் 66,000 பேர் வசிக்கும் அமைதியான ஊர். ஆனால், ஆண்டுக்கு ஒரு வாரம் மட்டும் இந்த ஊரின் முகமே மாறிவிடும். `ஏர்வென்ச்சர்' என்ற விமானத் திருவிழா நடக்கும் வாரம் அது. 2023-ல் மட்டும் இந்தத் திருவிழாவுக்கு வந்தவர்கள் சுமார் 6,77,000 பேர். ஊர் ஜனத்தொகையைப்போல பத்து மடங்கு! ஆஷ்காஷிலும் சுற்றியுள்ள விமான நிலையங்களிலும் வந்து இறங்கும் விமானங்கள் 10,000-ஐத் தாண்டும்.

இவர்களில் பலர் டிக்கெட் எடுத்து வந்தவர்கள் இல்லை. சொந்தமாக வைத்திருக்கும் குட்டி விமானத்தைத் தாங்களே ஓட்டி வந்தவர்கள். விமானத்தைக் கயிறு கட்டி நிறுத்திவிட்டு, இறக்கைக்கு அடியிலேயே கூடாரம் போட்டுத் தங்கிவிடுகிறார்கள். நம் ஊர் குலதெய்வக் கோயிலுக்கு மாட்டு வண்டி கட்டிப் போய், வண்டிக்கு அடியில் படுத்துத் தூங்கிய தாத்தாக்களின் கதை ஞாபகம் வருகிறதா? அதேதான். இங்கே வண்டிக்கு இறக்கை இருக்கிறது, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் ஆரம்பம் ரொம்பச் சின்னது. 1953-ல் மில்வாக்கியில், பால் போபரெஸ்னி என்பவர், வீட்டிலேயே விமானம் செய்யும் ஆசை கொண்ட சிலரைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். பெயர், எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன். அவர் வீட்டு நிலவறைதான் அலுவலகம். மனைவி ஆட்ரியும் கூடவே இருந்து வேலை பார்த்தார். அந்த ஆண்டு நடந்த முதல் கூட்டத்துக்கு வந்த பார்வையாளர்கள் சுமார் 150 பேர். கூட்டம் பெருகப் பெருக இடம் போதாமல் ஊர் மாறி, 1970-ல் ஆஷ்காஷுக்கு வந்து சேர்ந்தது திருவிழா. அதன்பிறகு வேறு எங்கும் போகவில்லை.

தண்டவாளத்தைப் பிடித்து வா!

இத்தனை விமானங்களும் ஒன்றோடு ஒன்று மோதாமல் எப்படி வந்து சேர்கின்றன? அதற்கு ஒரு சுவாரஸ்யமான வழி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் உள்ள ரிப்பன் என்ற ஊரிலிருந்து ஃபிஸ்க் என்ற குக்கிராமத்துக்கு ரயில் தண்டவாளம் போகிறது. சின்ன விமானங்களில் வருபவர்கள் அந்தத் தண்டவாளத்தின் மேலேயே ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி விட்டு வர வேண்டும். வேகம் 90 நாட், அதாவது மணிக்குச் சுமார் 167 கி.மீ. முந்தக் கூடாது!

ஃபிஸ்க்கில், பைனாகுலரோடு காத்திருப்பார்கள் கட்டுப்பாட்டு அதிகாரிகள். வரும் விமானத்தின் நிறத்தையும் வடிவத்தையும் பார்த்தே கூப்பிடுவார்கள். விமானி ரேடியோவில் பதில் சொல்லக் கூடாது. ஆளாளுக்குப் பேசினால் சந்தைக்கடை ஆகிவிடும் அல்லவா? அதனால், `கேட்டுவிட்டேன்' என்பதற்கு அடையாளமாக இறக்கைகளை இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும். தலையாட்டுவது மாதிரி! ஓடுபாதையில் பெரிய பெரிய வண்ணப் பொட்டுகள் வரைந்திருப்பார்கள். ஒருவர் பச்சைப் பொட்டில் இறங்கும்போது, இன்னொருவர் அதே ஓடுபாதையில் வேறு நிறப் பொட்டில் இறங்குவார்.

ட்ரைக் போன்ற குட்டி வாகனங்களுக்கு இந்த நெரிசலில் வேலை இல்லை. மைதானத்தின் தெற்குக் கோடியில் அவற்றுக்கென்று தனிப் புல் ஓடுபாதை. பெரிய ஜெட் விமானங்களின் சத்தத்துக்கு நடுவே, திருவிழாவில் ஒரு ஓரமாக ராட்டினம் சுற்றுவதுபோல, அது பாட்டுக்குத் தனி உலகமாக இயங்குகிறது.

திரைச்சீலையும் மின்விசிறியும்

ட்ரைக்கின் தலையில் இருக்கும் அந்தத் துணி இறக்கைக்கு ஒரு குடும்பக் கதை உண்டு. அமெரிக்க அரசின் விமான ஆய்வுக்கூடத்தில் பொறியாளராக இருந்தவர் ஃபிரான்சிஸ் ரோகாலோ. விறைப்பான உலோக இறக்கைக்குப் பதிலாக, மடக்கி எடுத்துப்போகக்கூடிய துணி இறக்கை செய்ய முடியுமா என்று யோசித்தார். அலுவலகத்தில் அதற்கு ஆதரவு இல்லை. சரி என்று வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டார். பெரிய மின்விசிறி ஒன்றை வைத்து வீட்டுக்குள்ளேயே காற்றுச் சோதனை. சோதனைக்குத் துணி? சமையலறையில் தொங்கிய பூப்போட்ட திரைச்சீலைதான்! மனைவி கெர்ட்ரூட் அதை வெட்டித் தைத்துக் கொடுத்தார்.

1948-ல் இருவரும் சேர்ந்து காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1951-ல் கிடைத்தது. விண்வெளியிலிருந்து திரும்பும் கலங்களைத் தரையிறக்க இந்த இறக்கை உதவுமா என்று நாசா 1960-களில் சோதித்துப் பார்த்தது. கடைசியில் பாராசூட்டையே தேர்ந்தெடுத்தது. ஆனால், அந்த இறக்கையை ஆர்வலர்கள் விடவில்லை. அதைத் தோளில் சுமந்து மலைச்சரிவில் ஓடிப் பறந்தார்கள். அதுதான் ஹேங் கிளைடர். பிறகு யாரோ அதற்குச் சக்கரமும் இன்ஜினும் கட்டினார்கள். அது ட்ரைக் ஆனது. இன்றும் அதன் உடம்பில் இருப்பவை அலுமினியக் குழாய்களும் பாய்மரத் துணியும்தான்.

ஓட்டும் விதமும் விநோதம். ஸ்டீயரிங் கிடையாது. இறக்கையிலிருந்து இறங்கி வரும் ஒரு குறுக்குக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். கம்பியை முன்னால் தள்ளினால் மூக்கு மேலே எழும்பி, வேகம் குறையும். நெஞ்சுப் பக்கம் இழுத்தால் வேகம் கூடும். வலது பக்கம் தள்ளினால் இடது பக்கம் திரும்பும்! தொங்கும் உடம்பின் எடை எந்தப் பக்கம் நகர்கிறதோ, அந்தப் பக்கம் திரும்புவதால் இப்படி. சாதாரண விமானம் ஓட்டிப் பழகியவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுவார்கள்.

ஏன் ஒரே ஒரு சீட்?

இங்கேதான் பலரும் நம்ப மறுக்கும் ஒரு விஷயம் வருகிறது. அமெரிக்காவில் அல்ட்ராலைட் எனப்படும் மிக எளிய வகை விமானத்தை ஓட்ட, லைசென்ஸ் தேவையில்லை. விமானத்துக்குப் பதிவு எண்ணும் தேவையில்லை. மருத்துவச் சான்றிதழும் கேட்பதில்லை. 1982-ல் வந்த விதி இது.

ஆனால், நிபந்தனைகள் கறார். வண்டியின் எடை 254 பவுண்டுக்குள், அதாவது சுமார் 115 கிலோவுக்குள் இருக்க வேண்டும். நம் ஊர் 100 சிசி பைக்கின் எடைதான்! எரிபொருள் 5 கேலன், சுமார் 19 லிட்டருக்கு மேல் கூடாது. உச்ச வேகம் மணிக்குச் சுமார் 100 கி.மீ. பகல் வெளிச்சத்தில் மட்டும் பறக்கலாம். நெருக்கமான ஊர்களுக்கு மேல் போகவே கூடாது. பொழுதுபோக்குக்கு மட்டுமே பயன்படுத்தலாம். எல்லாவற்றுக்கும் மேலே, ஒரே ஒரு சீட்தான்.

ஏன் ஒரே சீட்? அந்த விதியின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. உன் உயிர், உன் விருப்பம். ஆனால், இன்னொருவர் உயிரை உன்னோடு ஏற்றாதே, கீழே இருப்பவர் தலைமேலும் பறக்காதே. சட்டம் சொல்வது இவ்வளவுதான். இரண்டு சீட் உள்ள ட்ரைக் ஓட்ட வேண்டுமானால், கதை வேறு. 2004-ல் அறிமுகமான `ஸ்போர்ட் பைலட்' உரிமம் வேண்டும். குறைந்தது 20 மணி நேரமாவது பறந்து பழக வேண்டும்.

நாரைகளுக்கு வழிகாட்டிய ட்ரைக்

ஆஷ்காஷிலிருந்து மேற்கே இரண்டு மணி நேரத்துக்குள் காரில் போய்விடக்கூடிய ஊர் நெசீடா. ட்ரைக்கின் சரித்திரத்திலேயே அழகான அத்தியாயம் அங்கேதான் எழுதப்பட்டது. ஹூப்பிங் கிரேன் என்ற வெள்ளைக் கொக்கினம் 1940-களின் தொடக்கத்தில் இருபத்துச் சொச்சமாகச் சுருங்கிவிட்டது. மனிதர்கள் வளர்த்த குஞ்சுகளுக்கு, குளிர்காலத்தில் தெற்கே எந்த வழியாகப் போக வேண்டும் என்று சொல்லித்தரத் தாய்ப்பறவை இல்லை. கனடாவைச் சேர்ந்த பில் லிஷ்மன், ஏற்கெனவே வாத்துக்கூட்டத்தை அல்ட்ராலைட்டின் பின்னால் பறக்க வைத்துக் காட்டியவர். அவர் வழியில் வந்த குழு, 2001-ல் நெசீடாவிலிருந்து ஃபுளோரிடா வரை, சுமார் 1,900 கி.மீ. தூரம் ட்ரைக்கில் முன்னே பறந்து, குஞ்சுகளைப் பின்னே கூட்டிச் சென்றது. மனித முகமும் குரலும் பறவைகளுக்குப் பழகிவிடக் கூடாது என்பதற்காக, விமானிகள் வெள்ளை அங்கியால் உடம்பை மூடி, வாய் திறக்காமல் இருந்தார்கள்.

2011-ல் ஒரு சிக்கல். பொழுதுபோக்கு விமானத்தை ஓட்டிச் சம்பளம் வாங்கலாமா என்று கேள்வி எழ, பாதி வழியில் பயணம் நின்றது. விமானத் துறை சிறப்பு விலக்கு கொடுத்தது 2012 ஜனவரியில்தான். விதி என்றால் கொக்குக்கும் விதிதான்!

பெயர்ப்பலகை சொல்லும் பாடம்

ஆஷ்காஷ் விமான நிலையத்தின் பெயர் விட்மன் விமான நிலையம். ஸ்டீவ் விட்மன், பல ஆண்டுகள் இதை நிர்வகித்தவர். தன் கையாலேயே விமானங்கள் செய்து, பந்தயங்களில் பறந்து புகழ்பெற்றவர். 1995 ஏப்ரலில், 91 வயதில், மனைவியோடு ஃபுளோரிடாவிலிருந்து ஆஷ்காஷுக்குத் தானே செய்த விமானத்தில் புறப்பட்டார். அலபாமா மாநிலத்தின் மேலே விமானம் நடுவானில் உடைந்தது. இருவருமே பிழைக்கவில்லை. இறக்கையில் ஒட்டியிருந்த துணி பிரிந்ததுதான் தொடக்கம் என்றது விசாரணை. வாழ்நாள் முழுக்க விமானம் செய்தவரின் விமானத்தில், துணி ஒட்டிய விதத்தில் ஒரு பிழை!

2023 ஜூலையிலும் அப்படி ஒரு நாள் வந்தது. திருவிழாவின் ஒரே சனிக்கிழமையில், இரண்டு தனித்தனி விபத்துகளில் நான்கு பேர் இறந்தார்கள். ஒன்று, ஏரியில் விழுந்த பழைய ராணுவப் பயிற்சி விமானம். மற்றொன்று, குட்டி ஹெலிகாப்டரும் கைரோகாப்டரும் வானில் மோதியது.

ஆபத்து இல்லை என்று இங்கே யாரும் பூசி மெழுகுவதில்லை. அதனால்தான், ட்ரைக் ஓட்டுபவர்கள் கிளம்பும் முன் ஒவ்வொரு நட்டு போல்ட்டையும் விரலால் தொட்டுப் பார்க்கிறார்கள். துணியில் கையை ஓட்டித் தையலைத் தடவுகிறார்கள். பிறகு, அண்ணாந்து காற்றுத் திசை காட்டும் துணிக்குழாயைப் பார்க்கிறார்கள். அது விறைத்து நின்றால், அன்றைக்கு அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான கி.மீ. தாண்டி வந்திருந்தாலும் சரி, வேடிக்கை பார்க்க ஊரே காத்திருந்தாலும் சரி, வண்டி கிளம்பாது. லைசென்ஸ் கேட்காத இடத்தில், `இன்று வேண்டாம்' என்று தனக்குத் தானே சொல்லத் தெரிவதுதான் லைசென்ஸ்.

திருவிழா மைதானத்தின் அருங்காட்சியகம் பக்கம் ஒரு நினைவுச் சுவர் இருக்கிறது. மறைந்த உறுப்பினர்களின் பெயர்கள் அதில் வரிசையாக. பலர் முதுமையில் படுக்கையில் போனவர்கள். சிலர் வானத்திலிருந்து திரும்பாதவர்கள். பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, விரலால் தடவிவிட்டுப் போகிறார்கள் உறவினர்கள்.

மாலையில் வெயில் தாழ்ந்து, காற்று அடங்குகிறது. தெற்குக் கோடியில் மறுபடி உறுமுகிறது ஒரு சின்ன இன்ஜின். மடக்கு நாற்காலிகள் திரும்பவும் விரிகின்றன. துணிக்குழாய் தொங்கிக்கிடக்கிறது. இன்று பறக்கலாம்!

போக நினைப்பவர்களுக்கு...

* திருவிழா ஆண்டுதோறும் ஜூலை கடைசியில், திங்கள் முதல் ஞாயிறு வரை நடக்கும்.

* ஹோட்டல்கள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். கூடாரம் போட்டுத் தங்க மைதானத்தை ஒட்டியே இடம் உண்டு.

* சமீப ஆண்டுகளாக 18 வயது வரை உள்ளவர்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை.

* ட்ரைக் பார்க்க வேண்டுமானால், காற்று அமைதியாக இருக்கும் அதிகாலையும் அந்தி நேரமும்தான் சரி.

* வேறு மாதங்களில் போனாலும் ஏமாற்றம் இல்லை. விமான அருங்காட்சியகம் ஆண்டு முழுவதும் இயங்குகிறது.