பஜனைக் கூட்டத்துச் சேக்காளிகள்

எங்கள் தேரிக்காட்டு ஊரில் கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டால் கோயில் மணி விடியுமுன்னே அடித்துவிடும். ஆச்சி ஒரு துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டிவிட, செம்மணல் உள்ளங்காலில் சில்லென்று ஏற, பனங்கிழங்கு அவிக்கிற வாசனையும் யார் வீட்டுக் கருப்பட்டிக் காப்பியோ கொதிக்கிற வாசனையும் கலந்து வர, பஜனைக் கூட்டத்தோடு தெருத்தெருவாகப் போவோம். ஊரையே நாங்கள்தான் எழுப்புகிறோம் என்று அப்போது நினைப்பு.

சேக்காளி ஒருத்தன் பெட்ரோமாக்ஸைத் தலையில் வைத்து முன்னால் நடப்பான். இன்னொருத்தன் கஞ்சிரா. பனியில் தோல் தொய்ந்துவிடும். விளக்குச் சூட்டில் காட்டி, விரலால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்டு, திருப்தி இல்லாமல் மறுபடியும் காட்டுவான். அதுவரை உபதேசியார் ஆர்மோனியத்தில் சுருதியைப் பிடித்தபடி பொறுமையாக நிற்பார்.

அவர் ஆசையாக எடுப்பது எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய மனோகர'ப் பாட்டுகளை. நம்ம கரையிருப்புக்காரர் கிருஷ்ணபிள்ளை. 1827-ல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, முப்பது வயதுக்குமேல் ஞானஸ்நானம் பெற்றவர். பாசுரத்தில் ஊறிய நாக்கு, இயேசுவைப் பாடும்போதும் அந்த உருக்கத்தை விடவில்லை. அர்த்தம் பாதி புரியாத வயதிலேயே தொண்டை அடைத்துக்கொள்ளும் எனக்கு.

கஞ்சிராக்காரன் காமாலையில் சின்ன வயதிலேயே போய்விட்டான். விளக்குத் தூக்கியவன் போன வருஷம். அவனை அடக்கம் பண்ணிய அன்று, கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடிந்ததும், பழைய பஜனைக் கூட்டத்தில் மிஞ்சியிருந்த நாங்கள் சிலர் அந்த மனோகரப் பாட்டில் ஒன்றை எடுத்தோம். இரண்டாம் அடியிலேயே எனக்குக் குரல் உடைந்தது. பக்கத்தில் நின்றவன் தூக்கிக்கொண்டான். அவன் விசும்பி நிறுத்தியபோது பின்னாலிருந்து ஒரு அக்கா எடுத்துக்கொண்டாள். பாட்டு மட்டும் நிற்கவேயில்லை. போதகர் ஐயரவாளின் பிரசங்கத்திலும் ஆறுதல் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அழுகிறவன் அழுது, மூச்சு வாங்கி, அடுத்த அடியில் வந்து சேர்ந்துகொள்ளப் பாட்டுதான் இடம் கொடுக்கிறது. கஞ்சிரா விழுகிற இடம் வந்தபோது எல்லார் கையும் தானாகவே தொடையில் தட்டியது.

உங்கள் ஊரில் பஜனை இன்னும் நடக்கிறதென்றால் இந்த மார்கழியில் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். பாட வராது என்று திண்ணையிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள்.