தாளைப் பாடம் செய்தல்

அம்மாவின் ஒரே புகைப்படத்தை இராமபாணப் பூச்சி தின்றுவிட்டது. சட்டத்தைப் பிரித்தபோது புடவைக் கரையும் ஒரு கையும் மட்டுமே மிச்சம். முகம் இருந்த இடத்தில் அட்டை தெரிந்தது. அம்மா மறைந்து பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் எங்களுக்கு நேர்ந்த இரண்டாம் இழப்பு அது. நல்லவேளையாக, 1974இல் அந்தப் படத்தை எடுத்த ஸ்டூடியோவை மூடும்போது உரிமையாளர் கொடுத்தனுப்பிய நெகடிவ், பரணில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் கிடந்தது.

நாங்கள் இருவர். மூத்தவர் வேதியியல் கற்பிப்பவர், இளையவர் தமிழ். நெகடிவைக் கணினியில் ஏற்றிப் பளபளப்பான தாளில் அச்சிட்டுப் பார்த்தோம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அடையாள அட்டைக்கு எடுத்த படம்போல் இருந்தது. “உப்புத்தாள்ல போட்டுப் பாப்போமாடா?” என்றார் அண்ணன்.

இங்கிலாந்தில் டால்பட் 1834இல் சோதிக்கத் தொடங்கிய முறை அது. உப்புக் கரைசல் பூசி உலர்த்திய தாளில் வெள்ளி நைட்ரேட்டைப் பூசினால், வெயில் பட்ட இடம் கருக்கும். மேலே நெகடிவை வைத்தால் படம். இரண்டு வரியில் சொல்லிவிடலாம். செய்யத்தான் இரண்டு மாதம் ஆயிற்று.

புதுச்சேரியில் வாங்கிய பருத்திக் கைத்தாளில் முதலில் முயன்றோம். பனிக்குள் நிற்பவள்போல் அம்மா வந்தாள். கண் எங்கே, புருவம் எங்கே என்று தெரியவில்லை. கரைசல் இழைகளுக்குள் இறங்கிவிட்டது. வெள்ளி மேலே தங்காமல் ஆழத்தில் படிந்துவிட்டது. தாளின் ஓரத்தில் அண்ணன் நாக்கை வைத்துப் பார்த்தார். ஒட்டிக்கொண்டது. பசையேறாத தாளுக்கு அதுவே சோதனை. டால்பட் எடுத்துக்கொண்டதோ உயர்தர எழுதுதாள். மை ஊறாதிருப்பதற்காக, தோலையும் குளம்பையும் காய்ச்சி எடுத்த ஜெலட்டினை அந்நாட்டு ஆலைகளில் தாளுக்கு ஏற்றிவிடுவார்கள். பிரெஞ்சுத் தாள்களில் மாவுப்பசை. பாதி வேலையை அவருக்காக ஆலைக்காரன் முடித்து வைத்திருந்தான்.

ஆங்கிலத்தில் இதைச் சைசிங் என்கிறார்கள். தமிழ் படித்தவர்களுக்குச் சொல் தேடும் நோய் உண்டு. பாவு நூலுக்கு நெசவாளர் கஞ்சியிடுவதும் ஏறக்குறைய இதுதான் என்றாலும், எங்களில் இளையவரின் மனம் ஓலைக்குப் போயிற்று. பச்சை ஓலையை வேகவைத்து, உலர்த்தி, மஞ்சள் பூசி, வழவழவென்று தேய்த்த பிறகே எழுத்தாணி அதைத் தொடும். அதைப் பாடம் செய்தல் என்பர். 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து நீளவாக்கில் இணைத்த லின்னேயஸ் டிரைப்பும், நெகடிவுக்கான தாளை மெழுகேற்றிப் பாடம் செய்தே பயன்படுத்தினார்.

ஜெலட்டினைத் தாளில் இறுகச் செய்யப் பார்மலின் வேண்டும். அதன் நெடி குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது. எனவே கூவைக்கிழங்கு மாவு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் மாவு, அயோடின் சேராத உப்பு 20 கிராம். கண்ணாடிபோல் தெளியும்வரை காய்ச்சிப் பூசினோம். தாளெங்கும் வெள்ளைத் திட்டுகள். அம்மா தன் நூல்சேலைகளுக்குச் சோற்றுக்கஞ்சி போடும்போது மல்துணியில் இருமுறை வடிகட்டுவாள். அதைத் தினமும் பார்த்து வளர்ந்த இருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. மூன்றாம் தாளுக்குத்தான் வடிகட்டினோம்.

ஐந்தாம் தாளில் பெரிய தவறு நிகழ்ந்தது. ஐப்பசி மாதம், காற்றெல்லாம் ஈரம். தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று நெகடிவை மேலே வைத்து அச்சுச் சட்டத்தை இறுக்கினோம். தாள் உள்ளூர நனைந்திருந்தது. வெள்ளி நைட்ரேட் நெகடிவில் ஏறி, அம்மாவின் இடது தோளுக்கு மேலே பழுப்பாய் ஒரு கறை விழுந்தது. முகத்துக்கு ஒரு விரலிடை தூரம். யார் அவசரப்பட்டது என்பதில் அண்ணனுக்கும் தம்பிக்கும் நான்கு நாள் பேச்சில்லை. கணினியில் பிரதி இருக்கிறதே என்று வீட்டில் சொன்னார்கள். அது எங்களுக்கும் தெரியும்.

ஏழாம் தாளுக்கு மூன்று நாள் காத்திருந்தோம். இடையில் மெல்லிய பாலியெஸ்டர் தாள் வைத்தோம். மார்கழி வெயிலில் இருபது நிமிடம். ஹைப்போவில் போட்டதும் நாவல்பழ நிறம் வெளிறி மஞ்சளோடியபோது போயிற்று என்றே நினைத்தோம். உலர உலர மீண்டும் கறுத்து வந்தது. தோட்டின் கல் தனித்துத் தெரிந்தது. கீழுதட்டு மச்சத்தை, ஸ்டூடியோ போட்டுத் தந்த படத்தில் நாங்கள் கண்டதில்லை. தோளுக்கு மேலே கறை வெளிறிய திட்டாக வந்திருக்கிறது. அதை வெட்டிவிடலாம் என்றார் அண்ணன், வெட்டவில்லை.

இராமபாணத்துக்குக் கஞ்சி பிடித்த உணவு என்பது பிறகுதான் உறைத்தது. படம் இப்போது அண்ணன் வீட்டில், தகரப் பெட்டிக்குள். பாழான ஆறாம் தாளை அம்மாவின் பழைய அலமாரியிலேயே விட்டுவைத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை அண்ணன் வந்து கதவைத் திறந்து பார்க்கிறார். இதுவரை ஓரம் மட்டும்தான்.