இரும்பு வியாபாரியின் கால்பந்துக் காதல்

இங்கிலாந்தின் வடமேற்கில் பிளாக்பர்ன் என்றொரு ஊர். ஒரு காலத்தில் பருத்தி ஆலைகளால் வாழ்ந்த ஊர். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிய பிறகு, ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ள மிஞ்சியது கால்பந்து அணிதான். 1888-ல் இங்கிலாந்து கால்பந்து லீக் தொடங்கியபோது இருந்த 12 அணிகளில் பிளாக்பர்ன் ரோவர்ஸும் ஒன்று. ஆனால், 1914-க்குப் பிறகு லீக் பட்டம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

அந்த ஊரில் 1929-ல் பிறந்தவர் ஜாக் வாக்கர். அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு சின்ன தகட்டுப் பட்டறை. அப்பா காலமானதும் ஜாக்கும் அவர் சகோதரரும் அதைக் கையில் எடுத்தார்கள். பட்டறை வளர்ந்து 'வாக்கர்ஸ்டீல்' என்ற பெரிய இரும்பு வியாபாரம் ஆனது. அதை பிரிட்டிஷ் ஸ்டீல் நிறுவனத்துக்கு விற்றபோது கிடைத்த தொகை, சுமார் 33 கோடி பவுண்டு!

அறுபது வயதைத் தாண்டியவர். கையில் கொட்டிக் கிடக்கும் பணம். ஜெர்சி தீவில் வீடு. கடல் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால், சிறுவனாக ரசித்த அணி இரண்டாம் நிலையில் தடுமாறுவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. 1991-ல் அணியை வாங்கினார். தலைவர் நாற்காலியில்கூட அவர் உட்காரவில்லை. பணம் மட்டும் அவருடையது.

லிவர்பூலில் கொடிகட்டிப் பறந்த கென்னி டால்க்லிஷைப் பயிற்சியாளராக அழைத்து வந்தார். 1992-ல் அணி முதல் நிலைக்கு உயர்ந்தது. அலன் ஷியரர் என்ற இளைஞரை, அன்று பிரிட்டனில் யாரும் கொடுக்காத விலை கொடுத்து வாங்கினார். பழைய ஈவுட் பார்க் மைதானம் புது மைதானம்போல மாறியது. சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் ஊருக்கு, 31 ஆயிரம் பேர் அமரும் அரங்கம்!

'பட்டத்தைக் காசு கொடுத்து வாங்கப் பார்க்கிறார்' என்று விமர்சனம் எழுந்தது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. அவருக்கோ அது சொந்த ஊருக்குச் செய்யும் சீர்.

1995 மே 14. கடைசி ஆட்டம், அதுவும் டால்க்லிஷின் பழைய வீடான லிவர்பூல் மைதானத்தில். கடைசி நிமிடத்தில் கோல் வாங்கி பிளாக்பர்ன் தோற்றது. ஆனால், அதே நேரத்தில் வேறு மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டால் டிரா மட்டுமே செய்ய முடிந்தது. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில், 81 ஆண்டுகளுக்குப் பிறகு பட்டம் பிளாக்பர்னுக்கு!

உச்சியில் நிற்பது ஏறுவதைவிடக் கஷ்டம். அடுத்த ஆண்டே ஷியரர், ஒன்றரைக் கோடி பவுண்டுக்கு நியூகாசில் போனார். 1999-ல் அணி மீண்டும் கீழே இறங்கியது. 2000 ஆகஸ்டில் 71 வயதில் ஜாக் கண்மூடியபோதும் அது இரண்டாம் நிலையில்தான் இருந்தது. மறு ஆண்டு அணி மேலேறியதைப் பார்க்க அவர் இல்லை.

2010-ல் அவரது குடும்ப அறக்கட்டளை அணியை விற்றது. வாங்கியது நம் நாட்டு நிறுவனம், புனேயைச் சேர்ந்த கோழிப்பண்ணை நிறுவனமான 'வெங்கீஸ்'. இரண்டே ஆண்டுகளில் அணி மீண்டும் கீழிறங்க, கோபமான ரசிகர்கள் ஆட்டத்தின் நடுவே உயிருள்ள கோழியையே மைதானத்துக்குள் விட்டார்கள்! 2017-ல் மூன்றாம் நிலைக்கே போய், மறு ஆண்டு ஒரு படி ஏறி வந்தது.

வெங்கீஸும் பணத்தைக் கொட்டாமல் இல்லை. ஆனால், அது எங்கிருந்தோ வந்த முதலாளியின் பணம். ஜாக் போட்டது, அந்த ஊர்த் தெருக்களில் வளர்ந்தவரின் பணம். லாப நஷ்டக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். ஈவுட் பார்க் வாசலில் சிலையாக நிற்பவர் என்னவோ, ஜாக் வாக்கர்தான்.