அழுத்தம் திருத்தமாக

இத்தாலிய மொழியில் ‘ப்ரின்சிபி’ என்று ஒரு சொல். முதல் அசையை அழுத்திச் சொன்னால் இளவரசர்கள். நடு அசையை அழுத்தினால் கொள்கைகள். எழுத்தில் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது. கடைசி அசையில் அழுத்தம் விழும்போதுதான் குறி கட்டாயம். போப்பாண்டவரைக் குறிக்கும் சொல்லின் கடைசி உயிரெழுத்துக்கு மேல் ஒரு சின்னக் கோடு இழுத்தால் அவர் வீட்டு அப்பாவாகிவிடுவார்.

தமிழ்க் காதுக்கு இந்த அழுத்தம் புதிது. ஆனால் இரட்டை மெய் புதிதல்ல. நோனோ என்றால் ஒன்பதாவது. நொன்னோ என்றால் தாத்தா. பாலா மண்வாரி, பல்லா பந்து. இரட்டித்த மெய்யை நடுவில் வெட்டி நொன்-னோ என்று அசை பிரிக்கிறார்கள். அப்/பா என்று அலகிட்டுப் பழகியவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸகரம் மட்டும் முரண்டு பிடிக்கும். நாம் பாஸ்-தா என்போம். இத்தாலியப் பள்ளிப் பிள்ளை பா-ஸ்தா என்று உடைக்கும்.

சொல்லாக்கமும் விகுதியில்தான். வியோலா என்ற வாத்தியத்தில் சிறியது வியோலினோ. அதுதான் நம் வயலின். பெரியது வியோலோனே. அந்தப் பெரியதில் சிறியது வியோலோன்செல்லோ. விகுதி ஏற ஏற அழுத்தமும் அதன்மேல் நகரும். ஆங்கிலம் இந்தக் கடைசிச் சொல்லின் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் ‘செல்லோ’ என்று வைத்துக்கொண்டது. நாமும் வாலையே வாங்கிக்கொண்டோம்.

சிக்கல் அங்கேதான். இத்தாலி நம்மிடம் ஆங்கில எழுத்துக்கூட்டல் வழியாகவே வருகிறது. ஜொ-வன்-னி என்ற மூன்றசைப் பெயரைத் தமிழ் மொழிபெயர்ப்புகள் ‘ஜியோவானி’ என்று நான்காக்குகின்றன. ஒலிக்காத இகரத்தைச் சேர்த்து, ஒலிக்கும் இரட்டை னகரத்தைத் தொலைக்கிறோம். இரட்டை மெய்யைக் காட்டத் தெரியாத மொழியா தமிழ்? ஆங்கிலத்தைவிட நம் எழுத்தே அந்தப் பெயருக்கு நெருக்கம். ஒருவர் பெயரை அவர் திரும்பிப் பார்க்கிற மாதிரி எழுதுவது மொழிபெயர்ப்பாளரின் முதல் மரியாதை.

அந்த மரியாதையைத் தமிழுக்குச் செய்தவர் ஒரு இத்தாலியர். 1680இல் காஸ்தில்யோனேயில் பிறந்த பெஸ்கி, நம் வீரமாமுனிவர். ஓலைச்சுவடிகளில் புள்ளி விட்டுப்போனதால் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒன்றுபோல் தெரிந்தன. அவற்றைப் பிரித்துக் காட்டிய சீர்திருத்தம் அவர் பெயரில்தான் வழங்குகிறது. ‘தொன்னூல் விளக்கம்’ எழுதியவருக்கு அசையும் சீரும் அத்துப்படி.

வேடிக்கை என்னவென்றால், அவர் தாய்மொழியிலும் எ, ஒ இரண்டும் இரண்டு விதமாக ஒலிக்கும். எழுத்து ஒன்றுதான். ‘பெஸ்கா’வில் எகரத்தை வாய் அகலத் திறந்து சொன்னால் பீச் பழம், குறுக்கிச் சொன்னால் மீன்பிடிப்பு. பிரித்தெழுதக் கிரேக்க எழுத்துகளைச் சேர்க்கலாம் என்று 1524இல் த்ரிஸ்ஸினோ என்ற அறிஞர் சொன்னார். ஊர் கேட்கவில்லை.

பெஸ்கி சொன்னதைத் தமிழ் கேட்டது. அவர் ஊர்க்காரர்களின் பெயர்களை எழுதும்போது நாமும் கொஞ்சம் காது கொடுக்கலாம்.